நிறுத்தத் தெரியாத ஹோர்ன்

நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு பல்பு எரிய வேண்டும் என்று கேட்கக் கூடாது. கேட்டால் உலகத்திலுள்ள எல்லாப் பல்புகளும், இன்னும் கண்டுபிடிக்கப்படாத பல்புகளும் எரிவதற்கு வழி செய்துகொண்டு வந்து நிற்பார்கள். கம்பஸ் படிப்பை முடித்து வெளியே வந்த முதல் வருடத்தில் இந்த வியாதி மிகக் கடுமையாக இருக்கும். பிறகு ஒரு நல்ல அவமானம் கிடைத்தால் தணிந்துவிடும். எனக்குக் கிடைத்த அவமானம், உப்புவெளிக் கரையோரத்தையே செருப்பில்லாமல் ஓட வைத்தது.

அப்போது எனக்கு நிரந்தர வேலை ஒன்றும் அமைந்திருக்கவில்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, 'மென்பொருள் பொறியியலாளர்' என்று பெயர் அட்டையும் அச்சடித்து வைத்திருந்தேன். (அந்த அட்டைகளில் பெரும்பாலானவை இன்னும் அலுமாரிக்குள் இருக்கின்றன. அம்மா பின்பக்கத்தில் கடைச் சாமான் எழுதிக்கொண்டு போவார்.) படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இன்டர்ஃபேஸ். பிடித்தது என்றால் சாதாரணமாக அல்ல. பஸ்ஸைப் பார்த்தாலும் இன்டர்ஃபேஸ், பருப்புக் கறியைப் பார்த்தாலும் இன்டர்ஃபேஸ் என்று கண்ணில் அதுவே தெரிந்துகொண்டிருந்த காலம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்டர்ஃபேஸ் என்பது ஒரு வாக்குறுதி. அது தானாக எந்த வேலையும் செய்யாது. 'என் பெயரைப் போட்டுக்கொள்கிறவனுக்கு இன்னின்ன வேலைகள் தெரிந்திருக்க வேண்டும்' என்று மட்டும் சொல்லும். எப்படிச் செய்கிறான் என்பது அவன் பாடு. சந்தியில் நின்று டவுனுக்குப் போகக் கை காட்டுகிறோம். பஸ்ஸும் ஏற்றும், ஓட்டோவும் ஏற்றும், தெரிந்த அண்ணர் வந்தால் அவருடைய சைக்கிளும் ஏற்றும். ஏற்றவும் இறக்கவும் தெரிந்தால் நமக்குப் போதும். உள்ளே என்ன எஞ்சின் என்று யார் பார்த்தது?

இன்னொன்றும் உண்டு. வாக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்றை எழுதாமல் விட்டால், நாம் எழுதியதைச் சரிபார்க்கிற கம்பைலர் மறித்துக்கொண்டு நிற்கும். ஒரு அடி நகர விடாது. ஆனால் அது பார்ப்பது, அந்த வேலைக்கென்று ஓர் இடம் இருக்கிறதா என்பதை மட்டும்தான். அந்த இடத்துக்குள் உண்மையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்காது. இது எனக்குப் பரீட்சைக்குத் தெரிந்திருந்தது. வாழ்க்கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த நிலையில்தான் றிஸ்வி நானா என்னைத் தேடி வந்தார். கிண்ணியாக்காரர்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். எங்கள் வீட்டுக்குச் சில ஒழுங்கைகள் (சின்னத் தெருக்கள்) தள்ளி, கடற்கரைப் பக்கமாக அவருக்கு ஒரு குளிர் அறை இருந்தது. படகுகளில் வரும் மீனை வாங்கி அதற்குள் வைத்து, லொறி வந்ததும் கொழும்புக்கு அனுப்புவார். வேலை செய்கிறவர்கள் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விடுவதுதான் அவருடைய பெரிய கவலை.

"போன கிழமை பாரை மீன் முழுக்கத் தொளதொளத்துப் போயிட்டு தங்கச்சி," என்றார். "ரூம் சூடானா எனக்குத் தெரியணும். ஒரு சிவப்பு பல்பு எரிஞ்சாப் போதும்."

"பல்பு மட்டும் ஏன் நானா?" என்றேன். (கவனியுங்கள், வியாதி தலைக்கேறுகிறது.) "நான் அலாரம் எண்டு ஒரு இன்டர்ஃபேஸ் எழுதுறன். அதுக்குப் பிறகு நீங்கள் பல்பும் பூட்டலாம், போனுக்கு மெசேஜும் அனுப்பலாம், மணியும் பூட்டலாம். ஸ்டார்ட், ஸ்டாப் ரெண்டும் தெரிஞ்ச சாமானெண்டாப் போதும். என்ர புரோகிராமில மற்ற எதையும் தொடத் தேவையில்லை."

"என்ன சாமானும் பூட்டலாமா?"

"என்ன சாமானும்!"

அந்த நேரத்தில் நான் அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் மேசையில் கிடந்த காகிதத்தில் பெட்டி பெட்டியாகப் படம் கீறி, அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

பல்பும் மெசேஜும் சுலபமாக முடிந்தன. ஸ்டார்ட் என்றால் பல்பு எரியும், ஸ்டாப் என்றால் அணையும். ஸ்டார்ட் என்றால் நானாவின் போனுக்கு மெசேஜ் போகத் தொடங்கும், ஸ்டாப் என்றால் நிற்கும். வாக்குறுதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன். அப்போது நானா போனில் சொன்னார், "தங்கச்சி, ஒரு ஹோர்ன் பாத்து வச்சிருக்கன். அதுக்கும் எழுதி வையுங்க."

ஹோர்ன் என்றதும் நான் நினைத்தது ஓட்டோ ஹோர்னை. உடனே உட்கார்ந்து 'ஹோர்ன்' என்று எழுதி, அலாரம் இன்டர்ஃபேஸின் பெயரைப் போட்டு, ஸ்டார்ட்டை எழுதினேன். ஸ்டாப்பை எழுதத் தொடங்கியபோது அம்மா ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்படச் சொல்லி வாசலில் நின்று அவசரப்படுத்தினார். ஸ்டாப் இல்லாமல் விட்டால் கம்பைலர் சத்தம் போடும். ஆகவே ஒரு அடைப்புக்குறியைத் திறந்து, உள்ளே 'பிறகு எழுதுவம்' என்று எனக்கே ஒரு குறிப்பு வைத்து, அடைப்புக்குறியை மூடினேன். கம்பைலர் மிகவும் திருப்தியாகத் தலையாட்டியது. நான் சேலை உடுக்கப் போய்விட்டேன்.

ஹோர்ன் வந்து சேர்ந்ததைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். ஓட்டோவின் பின் சீற்றில், சாக்கில் சுற்றி, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுபோல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சாக்கை அவிழ்த்தால் கப்பல் ஹோர்ன். டவுனில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைத்த கப்பலொன்றிலிருந்து கழற்றியதாம். அதன் வாய்க்குள் எங்கள் வீட்டு இடியப்ப உரலைத் தாராளமாக வைக்கலாம்.

"நானா, இது கப்பலுக்கல்லோ பூட்டுறது?"

"நீங்கதானே சொன்னீங்க, என்ன சாமானும் எண்டு?"

வயரிங் வேலை செய்யும் செல்வம் அண்ணை அதைக் கூரைமேல் ஏற்றிப் பூட்டினார். கடற்காற்றுக்கு வயர் பழுதாகக் கூடாது என்று எல்லாவற்றையும் இரும்புக் குழாய்க்குள் விட்டார். கரண்ட் போனாலும் அலாரம் வேலை செய்ய வேண்டும் என்று பெரிய பற்றரி ஒன்றையும் வைக்கச் சொன்னேன். (அந்த யோசனை என்னுடையதுதான். அதற்காக அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.) பற்றரியை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார் செல்வம் அண்ணை.

மறுநாள் காலை திறப்பு விழா. விழா என்றால் நானா, அவரிடம் வேலை செய்கிற சிலர், நான், ஒரு தட்டில் தொதல் இனிப்பு, ஒரு பெரிய கேத்தலில் தேநீர். நான் புதுச் சுடிதார் போட்டிருந்தேன். நானா பிஸ்மி சொல்லிக் குளிர் அறைக் கதவைத் திறந்து வைத்தார். எல்லோரும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

முதலில் சிவப்பு பல்பு எரிந்தது. அடுத்து நானாவின் போன் கிணுகிணுத்தது. பிறகு ஹோர்ன் அடித்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத ஏலாது. தொதல் தட்டு மேசையில் தானாக நகர்ந்தது. கூரையிலிருந்த காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. முதல் கணத்தில் நாங்கள் கை தட்டினோம். (கை தட்டிய சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை.) நானா பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் பெருமையோடு மடிக்கணினித் திரையில் ஸ்டாப் பொத்தானை அழுத்தினேன்.

பல்பு அணைந்தது. மெசேஜ் நின்றது. திரையில் பச்சை எழுத்தில் 'அலாரம் நிறுத்தப்பட்டது' என்று வந்தது. ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பவும் அழுத்தினேன். 'அலாரம் நிறுத்தப்பட்டது.' திரும்பவும். 'அலாரம் நிறுத்தப்பட்டது.' பச்சை வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையை நிரப்பின.

நானா என் காதுக்குக் கிட்ட வந்து கத்தினார். "நிப்பாட்டுங்க புள்ள!"

நான் திரையைக் காட்டிக் கத்தினேன். "நிண்டிட்டுது நானா!"

"எனக்குக் காது இருக்கு!"

இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கும் இடம் இதுதான். ஒரு கணம், உண்மையாகவே, நான் காதைவிடத் திரையை நம்பினேன். ஹோர்ன் நின்றுவிட்டது, இது அதன் எதிரொலி என்றுகூட யோசித்தேன்.

நானா ஓடிப்போய் மெயின் சுவிட்சை விழுத்தினார். குளிர் அறையின் இயந்திரம் நின்றது, விளக்கெல்லாம் அணைந்தது, மின்விசிறி நின்றது. ஹோர்ன் மட்டும் அடித்தது. பற்றரி. என்னுடைய யோசனை.

ஐஸ் உடைக்கிற அலவாங்கை எடுத்துக்கொண்டுபோய் இரும்புப் பெட்டியின் பூட்டில் ஓங்கி அடித்தார். பெட்டியையும் செல்வம் அண்ணை பழைய கப்பல் தகட்டில்தான் செய்திருந்தார். அலவாங்குதான் வளைந்தது. நான் செல்வம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் கந்தளாயில் வேறொரு வீட்டில் வேலையாக நின்றார்.

"அண்ணை! ஹோர்ன்!"

"என்ன பிள்ளை? ஹோர்ன் அடிக்குதோ?"

"ஓம்! அடிக்குது!"

"எனக்குப் போனிலயே கேக்குது. நல்லா அடிக்குது என்ன? சந்தோசம் பிள்ளை," என்று போனை வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் வாசலுக்கு வெளியே ஒரு பெண் ஓடுவதைக் கண்டேன். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இன்னொன்று. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அதற்குப் பின்னால் ஒழுங்கையே வந்தது.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் இருக்கிறது. சின்னதாக ஏதாவது வித்தியாசமான சத்தம் கேட்டால் கடலைத் திரும்பிப் பார்ப்போம். கடல் ஊருக்குள் வந்த அந்த வருடத்துக்குப் பிறகு வந்த பழக்கம். பெரிய சத்தமென்றால் பார்ப்பதில்லை. அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு, நிலாவெளி வீதியைத் தாண்டிப் பள்ளிக்கூட மைதானத்தை நோக்கி ஓடினார்கள்.

நானாவும் கண்டுவிட்டார். அவருடைய முகம் வெளிறிப்போனது. "யா அல்லாஹ்! கடல் வருதெண்டு நினைச்சிட்டாங்க!" என்றவர் அலவாங்கைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். "கடல் வரல்ல! என்ட ஹோர்ன்தான்! ஓடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஒழுங்கையில் போனார்.

அவர் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர்கள் கண்டது ஒன்றுதான். எதற்கும் அசையாத றிஸ்வி நானா, வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு, கரைக்கு எதிர்ப்பக்கமாக மோட்டார் சைக்கிளில் பறக்கிறார். மெதுவாக ஓடியவர்களும் வேகமாக ஓடத் தொடங்கினார்கள்.

நான் மீன் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். என்ன பிழை என்று எங்கே தேடுவது? முதலில் பல்பைப் பார்த்தேன், சரி. மெசேஜைப் பார்த்தேன், சரி. ஹோர்னைத் திறந்தேன். ஸ்டார்ட் சரி. ஸ்டாப்: ஒரு அடைப்புக்குறி திறக்கிறது, 'பிறகு எழுதுவம்', அடைப்புக்குறி மூடுகிறது.

தலைக்குமேல் கப்பல் ஹோர்ன் அலறிக்கொண்டிருக்க, அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்னுடைய நிரல் ஒவ்வொரு முறையும் ஹோர்னிடம் போய் 'நில்' என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறது. ஹோர்ன் எதுவும் செய்யாமல் 'ஆகட்டும்' என்றிருக்கிறது. நிரலும் அதை நம்பிப் பச்சை எழுத்தில் ஊருக்கு அறிவித்திருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. என்னைத் தவிர.

எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதினேன். கம்பைலர் மறித்தது. அரைப்புள்ளி ஒன்றை விட்டுவிட்டேனாம். (ஊரே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அரைப்புள்ளி வேண்டுமாம்.) போட்டேன். நிரலைத் திரும்ப ஓடவிட்டு ஸ்டாப்பை அழுத்தினேன்.

ஹோர்ன் நின்றது.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடல் தன்பாட்டில் கரையைத் தடவிக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் ஒரு மனிதர் இல்லை. ஒற்றைச் செருப்புகள் மட்டும் கிடந்தன. ஒரு வீட்டுக்குள் வானொலி விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. நிரலிலிருந்து ஹோர்னை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஓடவிட்டு, நானும் மைதானத்துக்கு ஓடினேன்.

மைதானம் நிறைந்திருந்தது. நடுவில் நானா, தொப்பி கழன்று, வியர்வையில் தோய்ந்து, ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "இந்தா, தங்கச்சி வந்துட்டா, கேளுங்க!" என்று விலகிக்கொண்டார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பொறியியலாளர் அல்லவா, ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"அது வந்து... இன்டர்ஃபேஸ் எண்டு ஒண்டு இருக்கு. அதில ரெண்டு வேலை இருக்கு. ஒண்டை நான் எழுதினனான், மற்றதை..."

"பிள்ளை," என்று இடுப்பில் குழந்தையோடு முதலில் ஓடிய அந்த அக்கா என்னை மறித்தா. "கடல் வருதோ இல்லையோ? அதைச் சொல்லு."

"வரேல்லை அக்கா."

"அப்ப அந்தச் சத்தம்?"

"நான்தான்."

சிலர் சிரித்தார்கள். சிலர் ஏசினார்கள். இங்கே அச்சில் போட ஏலாத சொற்கள். எல்லாம் எனக்குச் சேர வேண்டியவை. அந்த அக்கா ஏசவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் போட்டு அழுதா. நான் அவவுக்குப் பக்கத்தில் இருந்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவவே கண்ணைத் துடைத்து, "விடு. கடல் வரேல்லை எண்டதே பெரிய விசயம்," என்றா. இந்தக் கதையை எத்தனையோ தரம் எத்தனையோ இடத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த இடத்தை மட்டும் மெதுவாகச் சொல்லுவேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அம்மா தெரிந்தார். மைதானத்து வேப்ப மரத்தடியில், தலைமயிர் அவிழ்ந்து, இரண்டு கையாலும் ஒரு மின்சாரச் சோற்றுக் குக்கரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வயர் மண்ணில் இழுபட்டது. உள்ளே அரைவேக்காட்டுச் சோறு.

"அம்மா! அப்பா எங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். குக்கரைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"ஐயோ," என்றார்.

அந்த நேரத்தில் நானாவின் போன் கிணுகிணுத்தது. வாசித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'குளிர் அறை சூடாகிறது. கதவைக் கவனிக்கவும்.' கதவு திறந்தபடியே கிடக்கிறது, மெயின் சுவிட்சும் விழுந்து கிடக்கிறது. உள்ளே மீன் முழுவதும் இருக்கிறது. காலையில் ஒத்திகை பார்த்த ஆபத்து இப்போது உண்மையாகவே வந்துவிட்டது. நானா மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார். வெறுங்காலோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், அவர் மறுபடி பறப்பதைக் கண்டு ஒரு கணம் நின்று யோசித்தார்கள்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் அப்பா, முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு, துவாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் சவர்க்காரம் காய்ந்து வெள்ளையாக நின்றது. குளியலறைக்குள் இருந்திருக்கிறார். பாதியில் சத்தம் கேட்டு வெளியே வந்தால் கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, வீட்டில் ஆள் இல்லை, ஒழுங்கையிலும் ஆள் இல்லை. அது கப்பல் ஹோர்ன் என்று சத்தத்திலேயே தெரிந்ததால், ஓடாமல் கடலைப் போய்ப் பார்த்தாராம். கடல் சும்மா கிடந்தது. திரும்பி வந்து, மிச்சத்தைக் குளிப்பதற்குள் குழாயில் தண்ணீரும் நின்றுவிட்டதாம்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, அம்மா இன்னமும் அணைத்துக்கொண்டிருந்த குக்கரைப் பார்த்தார்.

"என்னை விட்டிட்டு இதைத் தூக்கிக்கொண்டோ ஓடினீர்?"

"கையில ஆப்பிட்டது அதுதானப்பா!"

"கூப்பிட்டிருக்கலாமே? குளிக்கிற அறை அடுப்படிக்குப் பக்கத்திலதானே?"

அம்மா குசினிக்குள் போய்க் குக்கரை அதன் இடத்தில் வைத்து, வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டார். நான் பின்னால் போனேன். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அண்டைக்குக் கடல் வரேக்க உன்னைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினனான். மூண்டு வயசு உனக்கு. இண்டைக்கும் கை உன்னைத்தான் தேடினது. நீ வேலைக்குப் போயிட்டாய். கை சும்மா வராதாம்."

நான் அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தச் சத்தத்தை அடித்ததே நான்தான் என்பதை அவருக்குத் திரும்ப ஞாபகப்படுத்த மனம் வரவில்லை.

நானாவின் மீனில் பெரும்பகுதி தப்பியது. கதவோரம் இருந்தது மட்டும் இளகிவிட்டது. அதை அவர் விற்கவில்லை. "எல்லாரையும் ஓட வச்சிட்டம், தின்னவாவது குடுப்பம்," என்று வாசலில் வைத்து அள்ளி அள்ளிக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் எங்கள் ஒழுங்கைகள் முழுவதும் ஒரே பாரைக் குழம்பு வாசம். ஏசிக்கொண்டே சாப்பிட்டார்கள். கப்பல் ஹோர்ன் மறுநாளே சாக்கில் சுற்றி இரும்புக் கடைக்குத் திரும்பிப் போனது. குளிர் அறை வாசலில் இப்போது இருப்பது ஒரு சிவப்பு பல்பு மட்டும். முதலில் அவர் கேட்டதும் அதுதான்.

எனக்கு இப்போது நல்ல வேலை. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: எழுதாத வேலையை வெறுமையாக விடாதீர்கள், 'இதை இன்னும் எழுதவில்லை' என்று அது உரத்துக் கத்தி நிரலை நிறுத்தும்படி விடுங்கள். ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்று அவர்களுக்கு விளங்குவதில்லை.

அப்பாவுக்கு அன்றைக்குக் கிடைத்த ஆயுதத்தை அவர் இன்றுவரை கீழே வைக்கவில்லை. "என்ன கறி வைக்க?" என்று அம்மா கேட்டால், "குக்கரைக் கேளும்" என்பார். கோயிலுக்குப் போக அம்மா கூப்பிட்டால், "குக்கர் வரேல்லையோ?" என்பார். அம்மா கரண்டியைத் தூக்குவார். பகிடி முடியும். மறுநாள் திரும்பத் தொடங்கும்.

போன வருடம் எனக்கு ஒரு சம்பந்தம் பேசி, பக்கத்து ஊரான சல்லியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். நான் குசினிக்குள் தேநீர்த் தட்டோடு நிற்கிறேன். மாப்பிள்ளையின் அப்பா கதையோடு கதையாக, "வீட்டில எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"நாலு பேர்," என்றார் அப்பா. "நான், மனுசி, மகள், ஒரு குக்கர். ஆபத்தெண்டால் தூக்கிக்கொண்டு ஓடுற வரிசையில நான் கடைசி."

அம்மா நெற்றியில் கையை வைத்தார். அப்பா முழுக் கதையையும் சொன்னார், காய்ந்த சவர்க்காரம் உட்பட. ஹோர்னை யார் அடித்தது என்பதை மட்டும், மகளின் நல்லதுக்காக, விட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா தொடையில் தட்டினார்.

"அட, அண்டைக்கு நாங்களும் ஓடினனாங்கள்! ஆரோ போனில சொல்லிச் சல்லி முழுக்க ஓடினது. இவ என்ன தூக்கினவ எண்டு கேளுங்கோ. டிவி ரிமோட்!"

"அது கையில இருந்தது," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஒண்டு மட்டும் தெரியேல்லை," என்றார் அவர், இன்னும் சிரித்துக்கொண்டு. "எந்தப் பைத்தியக்கார விசரன் அந்த ஹோர்னைப் பூட்டினவனோ!"

நான் தட்டைப் பிடித்தபடி குசினி வாசலில் உறைந்து நின்றேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"விசரன் இல்லை," என்றார். "விசரி. இப்ப தேத்தண்ணி கொண்டு வருவா."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். கதிரையில் இருக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சம்பந்தத்துக்கு நான் ஓம் என்றதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.